கையெழுத்துப் போடும் படிப்பு

படிப்புக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு காதக்கா வங்கியை விட்டு வெளியே வந்தபோது, அவள் கணவன் பைக்கில் சாய்ந்தபடி கையில் கேக் பெட்டியோடு நின்றிருந்தான். முகமெல்லாம் பல்.

"இனிமே உன்னை யாராவது கடன்காரின்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்," என்றான்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவன்தான். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் கூண்டுக்குள் கயிறும் கிரீஸுமாகக் கிடப்பவனுக்கு வெளியே வந்ததும் யாரையாவது கிண்டல் பண்ணியாக வேண்டும். கல்யாணமான புதிதில், "எல்லாரும் பீரோ கட்டிலோட வருவாங்க, இவ வங்கி பாஸ்புக்கோட வந்தா" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். சொல்லிவிட்டு, மாதாமாதம் அவள் சம்பளம் வருவதற்கு முன்பே தன் பணத்திலிருந்து பாதித் தவணையை எடுத்து வைத்துவிடுவான்.

மாமியாருக்கு மட்டும் அந்தப் பேச்சே பிடிக்காது. பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களிடம், "பொண்ணு தங்கம்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு, "படிப்புக்கு வாங்குன ஒரு சின்னக் கடன் இருக்கு" என்பதை மட்டும் ஏதோ சொல்லக்கூடாத நோயைப் போலக் குரலை இறக்கிச் சொல்வார்.

காதக்கா என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றில் செவித்திறன் சோதிக்கும் வேலை அவளுக்கு. சோதனைக்கு வந்த ஏதோ ஒரு வாண்டு "காது அக்கா" என்று கூப்பிடப்போய், வரவேற்பறைப் பெண்ணிலிருந்து டாக்டர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

பைக்கில் ஏறும் முன் அவள் சொன்னாள். வீட்டுக்குப் போய் நல்லபடியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அவன் சந்தோஷத்தைப் பார்த்ததும், மறைத்து வைத்துக்கொண்டு கேக் சாப்பிடத் தன்னால் முடியாது என்று தோன்றிவிட்டது.

"ஏங்க, மேல்படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தேன்ல. இடம் கிடைச்சிருக்கு."

"அட! இதை ஏன் இவ்வளவு சுரத்தில்லாமச் சொல்றே? எவ்வளவு ஆகும்?"

"இப்பக் கட்டி முடிச்சோமே, அது மாதிரி ரெண்டரை மடங்கு. ரெண்டு வருஷம் வேலைக்கும் போக முடியாது."

அவன் கேக் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் குறுக்கே வந்தபோதுகூட அவனைத் திட்டவில்லை. அதிலிருந்தே அவளுக்கு விஷயம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று புரிந்துவிட்டது.

அவளுக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது பட்டத்துக்காக அல்ல. முதலில் அப்படித்தான் அவளே நினைத்திருந்தாள். இளங்கலை படித்தவர்கள் சோதனை செய்யலாம், சின்னக் குழந்தைகளுக்குக் காது கேட்கும் கருவி எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு முதுகலை வேண்டும். அதனால் மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருவார். அவர் வரும்வரை குழந்தைகள் காத்திருக்க வேண்டும். பாதிப் பேர் காத்திருக்காமல் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். ஒரு கையெழுத்துக்காக இத்தனை அலைச்சலா என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கைக்குழந்தை. தூங்கிக்கொண்டிருந்த அதன் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டி, காதில் டிக் டிக்கென்று ஓசை கொடுத்து, திரையில் அலைகளுக்காகக் காத்திருந்தாள். உள்காது ஒழுங்காக வேலை செய்கிறது என்று ஒரு கருவி சொன்னது. நரம்பிலிருந்து அலையே வரவில்லை என்று இன்னொன்று சொன்னது. ஒயர் கழன்றிருக்கும் என்று மறுபடி ஒட்டினாள். இயந்திரத்தை அணைத்துப் போட்டாள். மூன்றாம் முறையும் அதே கோடுதான். நிபுணர் வந்து பார்த்துவிட்டு, காது ஓசையை வாங்குகிறது, நரம்பு அதை ஒழுங்காகக் கொண்டுபோகவில்லை என்று விளக்கினார். ஏன் அப்படி, அடுத்து என்ன என்று அவர் சொன்னதில் பாதி அவளுக்குத் தலைக்கு மேலே போனது. தெரிந்ததைச் செய்ய விடமாட்டேன் என்கிறார்கள் என்று இத்தனை நாள் புலம்பியவளுக்கு, தெரியாதது எவ்வளவு இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது. அது சுருக்கென்று குத்தியது. கூடவே ஒரு பசியும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் தானாகவே பேச்சை எடுத்தான். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு கால்குலேட்டரோடு உட்கார்ந்தான்.

"கோபமா இருக்கேன்னு நினைக்காதே. கணக்குப் போட்டுப் பாக்கலாம்."

போட்டார்கள். முடித்தபின் கூடப்போகிற சம்பளம் ஒரு பக்கம், வட்டியும் இழக்கப்போகிற இரண்டு வருடச் சம்பளமும் இன்னொரு பக்கம். எப்படிப் புரட்டிப் போட்டாலும் போட்ட பணம் திரும்பிவர அவளுக்கு நாற்பது தாண்டிவிடும் என்று வந்தது.

"லிஃப்ட்ல ஆளுக்கு மேல ஆள் ஏறினா என்ன ஆகும் தெரியுமா? விழுந்தெல்லாம் போகாது. கதவே மூடாது. அப்படியே நிக்கும். நான் வேண்டாம்னு சொல்லலை. இந்தச் சுமையோட வண்டி நகராதுன்னு சொல்றேன்."

"இதுல வர்ற லாபம் சம்பளம் மட்டும்தானா?"

"இல்லைதான். ஆனா வங்கிக்காரன் சம்பளத்தை மட்டும்தானே கேப்பான்?"

அவன் சொல்வது நியாயமாக இருந்ததுதான் அவளுக்குக் கோபம்.

அடுத்த வாரம் அவள் கல்லூரியில் தனக்கு மூத்தவளாக இருந்த சீனியரைப் பார்க்கப் போனாள். இதே படிப்பை முழுக்கக் கடனில் படித்தவள். பெரிய மருத்துவமனையில் குளிர்சாதன அறை, கதவில் பெயர்ப்பலகை, பெயருக்குப் பின்னால் எழுத்துகள். காதக்காவுக்கு அந்தப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"படிப்பு எப்படிக்கா?"

"சத்தியமாச் சொல்றேன், என் வாழ்க்கையில அந்த ரெண்டு வருஷம் மாதிரி வராது. கண்ணைத் திறந்து விட்ட மாதிரி இருந்துச்சு."

"அப்ப சேந்துடலாம்கிறீங்க."

சீனியர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "குழந்தைங்களுக்கு மட்டும் ஒரு சின்ன கிளினிக் வைக்கணும்னுதான் படிச்சேன். இங்க என்ன பண்றேன் தெரியுமா? மாசம் இத்தனை கருவி வித்தாகணும்னு இலக்கு வச்சிருக்காங்க. பிடிக்கலைன்னு எழுந்து போக முடியுதா? தவணை விடுமா? படிப்பு எனக்குக் கையைக் குடுத்துச்சு, கடன் காலைக் கட்டிப்போட்டுருச்சு. படிக்காதேன்னு சொல்ல மாட்டேன். இவ்வளவு கடன்ல படிக்காதே. வேற வழி இருக்கான்னு தலைகீழா நின்னு தேடு."

காதக்கா தேடினாள். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்து, எடுப்பவர்களையெல்லாம் நச்சரித்து, வேலை பார்த்துக்கொண்டே வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் மூன்று வருடத்தில் முடிக்கிற ஒரு பிரிவு இருப்பதைக் கண்டுபிடித்தாள். அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. அவர்களுக்கு முழுநேர மாணவர்கள்தான் வேண்டும் போலிருக்கிறது.

சம்பளம் நிற்காது. ஆனால் கட்டணம் அப்படியேதான் இருந்தது. மருத்துவமனையை நடத்தும் டாக்டரிடம் கேட்பதைத் தவிர வழியில்லை.

டாக்டர் கெட்டிக்கார அறுவை மருத்துவர், கெட்டிக் கைக்காரரும்கூட. அறையில் ஆள் இல்லாவிட்டால் விளக்கைத் தானே எழுந்து போய் அணைப்பவர். அவரிடம் போய்ப் பணம் கேட்பதா என்று அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அவர் கேட்ட மாத்திரத்தில் சரி என்றுவிட்டார்.

"முழுக் கட்டணமும் நானே கட்டறேன். முடிச்சதும் எட்டு வருஷம் இங்கேயே இருக்கணும். நடுவுல போனா மொத்தத்தையும் வட்டியோட திருப்பிக் குடுக்கணும். சரியா?"

கணவன் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தான். அவள் குதிக்கவில்லை. எட்டு வருடம், அதோடு மூன்று. சீனியரின் சாத்திய கதவு ஞாபகத்துக்கு வந்தது.

"வங்கிக்குப் பதிலா டாக்டர். ஆள்தாங்க மாறுது."

"அப்ப பேரம் பேசு."

"நானா?"

கடையில் சொன்ன விலைக்கு மேல் போட்டுக் கொடுக்காமல் வந்தாலே பெரிய விஷயம் என்று பேர் வாங்கியவள் அவள். கணவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு டாக்டராக உட்கார்ந்தான். "என்னம்மா?" என்று உறுமினான். அவள் சிரித்துவிட்டாள். "சிரிச்சா எட்டு வருஷம் பத்தாயிடும்," என்றான். நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தார்கள். "கேட்டு முடிச்சதும் வாயை மூடிக்கோ. அவர் பேசற வரைக்கும் நீ பேசாதே. அதான் முக்கியம்," என்று சொல்லி அனுப்பினான். மூடவே தெரியாத வாய், வாயை மூடச் சொல்லிக்கொடுத்தது.

காதக்கா வெறுங்கையோடு போகவில்லை. கையெழுத்துப் போட ஆளில்லாமல் ஒரு வருடத்தில் எத்தனை குழந்தைகளை வெளியே அனுப்பினார்கள் என்று எண்ணி வைத்திருந்தாள். டாக்டர் நினைத்ததைப்போல மூன்று மடங்கு.

"சார், இந்தக் குழந்தைங்க வெளிய போகாம இங்கேயே இருந்தா உங்களுக்கு ஒரே வருஷத்துல கட்டணம் திரும்பி வந்துரும். பாதிக் கட்டணம் நீங்க கட்டுங்க, பாதி நான் கட்டறேன். வாரம் ரெண்டு நாள் வகுப்புக்கு விடுங்க, சம்பளத்தைக் குறைக்காதீங்க. ரெண்டு வருஷம் இருக்கேன். எட்டு முடியாது சார்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் அவளைப் பார்த்தார், அவள் வைத்த தாளைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "தப்பாக் கேட்டுட்டேனா சார்" என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"இத்தனை வருஷம் இப்படிப் பேசத் தெரியாத மாதிரி இருந்தியே," என்றார் கடைசியில். "மூணு வருஷம். அதுக்குக் கீழ வரமாட்டேன்."

"சரி சார்."

வெளியே வந்து சோதனை அறைக்குள் போய், ஓசை வெளியே கேட்காத அந்தக் கண்ணாடிக் கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் கடன். முந்தைய கடனைவிடச் சின்னதுதான். கணவன் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "கதவு மூடுது," என்றான். மாமியார் மட்டும், "மறுபடியுமா?" என்று நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஆனால் வகுப்பு நாட்களில் மருமகள் எழுவதற்கு முன்பே அவளுக்கு டிபன் பாக்ஸ் தயாராக இருந்தது.

மூன்று வருடம் சும்மா போகவில்லை. தன்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்களோடு உட்கார்ந்து ஒலியியல் படித்தாள். அவர்கள் ஒரு முறை படித்துப் புரிந்துகொண்டதை இவள் பஸ்ஸில், சமையலறையில், துணி மடிக்கும்போது என்று நான்கு முறை படித்தாள். இரண்டாம் வருடம் அதே ஒலியியலில் தோற்றுப்போனாள். அன்று வீட்டுக்கு வந்து, "கடன் வாங்கி ஃபெயில் ஆனவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்," என்று அழுதாள். கணவன் கிண்டல் செய்யவில்லை. பாத்திரங்களையெல்லாம் கழுவிவிட்டு வந்து, "எந்தப் பாடம்? எனக்குச் சொல்லிக்குடு, உனக்குப் புரிஞ்சுரும்," என்று எதிரில் உட்கார்ந்தான். அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பட்டம் வந்த அடுத்த வாரம் பத்து மாதக் குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். சோதனை முடிந்தது. அலைகள் ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே தேய்கிறது, ஏன் தேய்கிறது என்று அவளுக்குக் கையில் எடுத்த மாதிரித் தெரிந்தது. இரண்டு காதுக்கும் கருவி வேண்டும், இப்போதே மாட்டினால் பேச்சு நன்றாக வரும் என்று நிதானமாக விளக்கினாள்.

"பெரிய டாக்டர் எப்ப வந்து கையெழுத்துப் போடுவாங்க?" என்று அப்பாக்காரர் கேட்டார். ஏற்கெனவே எங்கெங்கோ அலைந்தவர் போலிருந்தது.

"நான்தாங்க போடணும்," என்று சொல்லிப் போட்டாள். போட்டு முடித்தபின் அறிக்கையை உடனே கொடுக்க மனசு வரவில்லை. மை காயட்டும் என்று சாக்குச் சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்து மாமியாரும் வந்தார். டிவியை அவர் வைக்கிற சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் கதை கேட்கிறார்கள் என்று மகன் சொல்லி, கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து விட்டிருந்தான். காத்திருக்கும் இடத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள். காதக்கா உள்ளே கருவியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"உள்ள இருக்கிறது யாரு, டாக்டரா?" என்று அந்த அம்மாள் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

"என் மருமக!" காது மந்தமானவர் பேசுகிற சத்தத்தில் மாமியார் சொன்னது வாசல்வரை கேட்டது. "இந்த ஊர்லயே குழந்தைங்க காதுக்கு அவ போடற கையெழுத்துதான். சும்மா வரலைம்மா. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை கடன் வாங்கிப் படிச்சவ. முதல் கடனை முழுசா அடைச்சா. ரெண்டாவதை இப்பக் கட்டிக்கிட்டிருக்கா. ஒரு தவணை தவறினதில்லை. எங்க வீட்ல யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?"

வரவேற்பறைப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காதக்காவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து வாசலுக்கு வந்தாள்.

"அத்தை, உள்ள வாங்க. உங்க முறை."

"என்னம்மா சொன்னே?" என்றார் மாமியார்.