சம்பந்தி போட்டுக்கொண்ட அமீபா

தொர்தோய் சந்தையில் ஒரு பொருள் உண்மையிலேயே வேண்டுமென்றால், முதலில் அதைக் கண்டும் காணாதது போலத் தாண்டிப் போகத் தெரிய வேண்டும். பல் டாக்டர் ஷைலோபெக் அதில் கெட்டிக்காரன். கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகளையே கடைகளாக்கி ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருக்கும் அந்தச் சந்தையில், பட்டாளத்துப் பழைய உடுப்பு விற்கும் சந்து ஒன்று உண்டு. அங்கே அவன் கை எதை முதலில் தொடுகிறதோ அது அவனுக்கு வேண்டாத சரக்கு என்பது கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி அவர்களும் ஆடிக்கொடுப்பார்கள். ஆட்டம் இல்லாமல் விற்றால் வியாபாரத்தில் என்ன ருசி?

எதிரி கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளத் தைத்த உடுப்புகள் மேல் அவனுக்குப் பைத்தியம். ஓக் இலை போட்டது, பாலைவன மணல் நிறம், பனிக்கான தூய வெள்ளை என்று வீட்டில் ஒரு அறையே நிறைந்திருந்தது. இல்லாதது ஒன்றுதான்: அமீபா. பெரிய யுத்தத்துக்கு முன்னால் சோவியத் சிப்பாய்களுக்குத் தைத்த, தலைமூடி வைத்த தொளதொள அங்கி. பச்சைத் துணியில் பழுப்புத் திட்டுகள் கைகால் நீட்டி ஊர்ந்து கிடக்கும். அதை அவன் படத்தில்தான் பார்த்திருந்தான்.

அன்று காலையில் கடைக்காரி சாய்ராகுல் போன் செய்தாள். "டாக்டர் தம்பி, நீ கேட்டது வந்திருக்கு. அல்மாத்தியிலேர்ந்து ஒருத்தர் அதை வாங்க மத்தியானம் வர்றாரு. அதுவரைக்கும்தான் என்னால கட்டிக் காப்பாத்த முடியும்."

நேரம்தான் சரியில்லை. முந்தின நாள்தான் சம்பந்தி ஒரோஸ்பாய் அத்-பாஷி மலையூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். கல்யாணச் சாமான் வாங்க அவரைச் சந்தைக்குக் கூட்டிப்போவது பெண்ணைப் பெற்றவன் கடமை. கிளம்பும்போது, புதுக் கம்பளிக் கோட்டின் காலரைச் சரிசெய்கிற சாக்கில் மனைவி காதோடு சொன்னாள்: "உங்க கந்தல் பைத்தியம் கல்யாணம் முடியறவரைக்கும் வெளியில தெரியக் கூடாது. செத்த சிப்பாய் சட்டையை அடுக்கி வச்சிருக்கிற வீட்லயா பொண்ணு எடுக்கிறோம்னு அவங்க கேட்டா, நான் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது?"

ஒரோஸ்பாய் ஆட்டுமந்தைக்காரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனசு. பேசும்போது எதிராளியின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்; பேச்சு முடிந்தபின்னும் விட மாட்டார். அந்தப் பிடியிலேயே ஷைலோபெக் வெல்வெட் வாங்கினான், கம்பளம் வாங்கினான், தேநீர்க் கிண்ணங்கள் வாங்கினான். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு தள்ளுவண்டிக்காரன் முன்னால், "காலு பத்திரம், காலு பத்திரம்" என்று கூவிக்கொண்டே போனான். ஐம்பது வயது ஆள். அவன் போட்டிருந்த ஸ்வெட்டரில் முழங்கை இரண்டும் வெளியே எட்டிப் பார்த்தன.

"இப்படிப் போனா குறுக்கு வழி" என்று ஷைலோபெக் வண்டியைத் திருப்பினான்.

சாய்ராகுலின் கடையில் அது தொங்கியது. புது உடுப்புகளின் பின்னால், பாதி மறைந்து. ஷைலோபெக் அதைத் தாண்டிப் போனான். ஒரு பெல்ட்டைத் தொட்டான். தண்ணீர்க் குப்பியைத் திருகிப் பார்த்தான்.

"என்ன டாக்டர், இன்னிக்கு மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கீங்க?"

"சும்மா போற வழியில அக்கா. இவர் எங்க சம்பந்தி." பிறகு கொட்டாவி விடுகிறவன் குரலில் கேட்டான். "அது என்ன, அந்தத் தரை துடைக்கிற துணி?"

"தரை துடைக்கிறதா! உங்க தாத்தா காலத்துத் துணி. பன்னண்டாயிரம் சோம்."

"இந்தப் பூச்சி தின்னதுக்கா? சாயம் போச்சு, கழுத்துல எண்ணெய்க் கறை. எங்க வீட்டு நாய்க்கு விரிச்சா அதுகூட எழுந்து போயிடும்."

"அப்ப நாயை விட்டுட்டு நீங்க படுங்க. பத்து."

அவன் இரண்டு தடவை கிளம்பினான். இரண்டு தடவையும் அவள் கூப்பிட்டாள். கடைசியில், "ஐயாயிரம். இதுக்குக் கீழ கேட்டா உள்ள தூக்கி வச்சிடுவேன்" என்றாள். அவ்வளவுதான், கனிந்துவிட்டது. இனி ஒரு பெருமூச்சு விட்டு, "போனாப் போகுது, கட்டுங்க" என்று சொல்வதுதான் பாக்கி. அந்தப் பெருமூச்சுக்கு அவன் வாயைத் திறந்தான்.

"எடு தங்கச்சி!" என்றார் ஒரோஸ்பாய். "ஆடு குட்டி போடற நேரத்துல கொட்டில்ல போட்டுக்க இதுதான் சரி. ரத்தம் பட்டாலும் கவலையில்ல. நாயே படுக்காதுன்னு சம்பந்தியே சொல்லிட்டாரு!" அவன் முழங்கையை ஒரு உலுக்கு உலுக்கினார். "அதுவும் எனக்காக என்னமா பேரம் பேசினீங்க! பட்டணத்து ஆளு பட்டணத்து ஆளுதான்."

சாய்ராகுல் ஷைலோபெக்கைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவள் கண் சொன்னது. அவன் தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திருகி மூடினான். அவள் பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரோஸ்பாய் அங்கியை அங்கேயே மாட்டிக்கொண்டார். கொட்டிலும் குட்டியும் ரத்தமும் ஷைலோபெக்கின் கண்முன் வந்து நின்றன. சட்டென்று ஒரு வழி தோன்றியது. சம்பந்திக்குச் சம்பந்தி கியித் என்ற உடுப்புச் சீர் போடுவது ஊர் வழக்கம்; தோளில் போர்த்திய உடுப்பை யாரும் மறுக்க முடியாது. தன் கம்பளிக் கோட்டைக் கழற்றினான்.

"சம்பந்தி, எங்கூட நடக்கிறவர் கந்தலோட நடக்கலாமா? இது என்னோட கியித். அதைக் கழட்டிக் கொடுங்க."

ஒரோஸ்பாயின் கண் கலங்கிவிட்டது. அங்கியைக் கழற்றினார். வாங்கிக்கொள்ள ஷைலோபெக் இரண்டு கையையும் நீட்டினான். அவரோ வண்டிக்காரன் பக்கம் திரும்பி, அதை அவன் தோளில் போட்டார்.

"நல்ல காரியம் நடக்கிற நேரம். நீயும் போட்டுக்கப்பா. பிள்ளைங்களை வாழ்த்து."

வண்டிக்காரன் உள்ளங்கைகளை விரித்து, குதிரை பெருகட்டும், கொள்ளுப்பேரன் பிறக்கட்டும் என்று சாவகாசமாக வாழ்த்தினான். நீட்டிய கைகளை வேறு எங்கே கொண்டுபோவது? ஷைலோபெக்கும் அவற்றை அப்படியே விரித்து, முகத்தில் தடவிக்கொண்டு, "ஓமின்" என்றான்.

ஏப்ரல் காற்று சட்டைக்குள் புகுந்தது. மனைவியாவது மானமாவது என்று அவனுக்குப் பொறுமை அறுந்தது.

"சம்பந்தி, உண்மையைச் சொல்லிடறேன். எனக்கும் இந்த மாதிரி பட்டாளத்து உடுப்புன்னா... ஒரு ஆசை."

"அட!" ஒரோஸ்பாய் தொடையில் தட்டிக்கொண்டார். "இதை வாயை விட்டுச் சொன்னா என்ன? கோட்டைக் கொடுத்துட்டு இங்க நடுங்கிக்கிட்டு நிக்கிறீங்க! தங்கச்சி, இவர் அளவுக்குப் புதுசா ஒண்ணு எடு. பழசெல்லாம் வேணாம்."

எடுத்தது சீனத்து நைலான். பசை வாசனைகூடப் போகவில்லை. கிளிப்பச்சையில் என்னென்னவோ இலை. எந்தக் காட்டில் நின்றாலும் எதிரி முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரோஸ்பாய் தன் கையாலேயே மாட்டிவிட்டு, ஜிப்பை மோவாய் வரை ஏற்றினார்.

"இது என்னோட கியித். தம்பிங்க எத்தனை பேரு உங்களுக்கு? மூணா? இன்னும் மூணு கட்டு தங்கச்சி."

"டாக்டருக்கு எடுத்து வச்ச மாதிரி இருக்கு" என்றாள் சாய்ராகுல். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சந்தில் நடந்தார்கள். முன்னால் வண்டி; வண்டிக்காரன் முதுகில் அமீபா. ஒவ்வொரு திட்டாக ஷைலோபெக்கின் கண் ஊர்ந்தது. பேட்டரிக் கடை ஓரத்தில் வண்டிக்காரன் நின்று திரும்பினான்.

"அண்ணே, கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்தச் சட்டைக்குக் கை ரொம்ப நீளம், வண்டிப் பிடியில மாட்டுது. நீங்களும் இதைத்தான் வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டு வர்றீங்க. உங்களோடதைக் கொடுத்துட்டு இதை எடுத்துக்கறீங்களா?"

ஷைலோபெக்கின் விரல் ஜிப்பைத் தொட்டுவிட்டது. முழங்கைப் பிடி இறுகவில்லை, தளர்ந்தது. அதுதான் பயமாயிருந்தது. ஒரோஸ்பாய் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்த்திய சூடு ஆறுவதற்குள் தன் கியித்தை வண்டிக்காரனுக்குக் கழற்றிக் கொடுக்கிற வீட்டிலிருந்துதான் மருமகள் வரப்போகிறாளா என்று பார்க்கிற பார்வை.

"இல்லப்பா" என்றான் ஷைலோபெக். "இது எங்க சம்பந்தி போட்டுவிட்டது. இதுக்கு எதுவும் ஈடாகாது."

முழங்கைப் பிடி திரும்ப வந்தது, முன்னைவிடப் பலமாக.

"சரி அண்ணே." வண்டிக்காரன் கயிறு அறுக்கிற கத்தியை எடுத்தான். இடது கையை நீட்டி முழங்கைக்கு மேலே ஒரு சுற்று; வலது கைக்கு ஒரு சுற்று. பழைய துணி நல்ல துணி, கிழியும்போது சத்தம் டர்ரென்று கேட்டது. அறுத்த இரண்டு துண்டையும் வண்டிப் பிடியில் இறுக்கிச் சுற்றிக் கட்டினான். "இப்பத்தான் கை வழுக்காம இருக்கு" என்று சொல்லிவிட்டு, "காலு பத்திரம்" என்று கூவிக்கொண்டே தள்ளினான்.

ஒரோஸ்பாய்க்குக் காது வரை சிரிப்பு. சம்பந்தியின் தோளில் நைலான் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"ஏன் சம்பந்தி, வீட்டுல சம்பந்தியம்மாவுக்கும் இந்த நிறம் பிடிக்குமா?"