மிதித்தாலும் போகும் வண்டி

சைக்கிளுக்கு மோட்டார் மாட்டுகிறவன் முதலில் பிரேக்கை மாட்ட வேண்டும். அடுப்புக்காரர் அப்படித்தான் செய்தார். இரண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் போட்டு, மேட்டுத் தெருவில் உருட்டிவிட்டுப் பார்த்த பிறகுதான் இஞ்சினைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கினார். யாரையும் தொட விடவில்லை. அடுத்தவன் முறுக்கிய நட்டை நம்பி அவர் தூங்குவதில்லை.

வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். முழங்கால் போய்விட்டது. தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி மகன் நச்சரித்தான். மகன் வீடு நாலாவது மாடி. அங்கே உட்கார்ந்து கொடியில் துணி காய்வதைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை. "இந்த வண்டி ஒரு நாள் படுத்தா, மறுநாளே வர்றேன்டா" என்று வாயை விட்டார். மகன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

வண்டி படுக்கவில்லை. கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கேரியரில் உட்கார்ந்து வருவாள். அவள்தான் கொஞ்ச நாளாக முனகினாள்.

"என்னங்க, பின்னால ஏதோ கடகடங்குது."

"ரோடு அப்படி."

"நல்ல ரோட்டுலயும் ஆடுதே."

"ஓட்டுறது நானா நீயா? பேசாம வா."

திருட்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். பெட்ரோல் குழாயில் இன்னொரு திருகு வைத்து, சீட்டுக்கு அடியில் துணி சுற்றி மறைத்திருந்தார். அதை மூடிவிட்டால் எந்தக் கொம்பனாலும் இஞ்சினை ஓட்டிக்கொண்டு போக முடியாது. இடத்தை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வீடென்றால் நாலு பேர் வருவார்கள், பேச்சு வாக்கில் வந்துவிடும்.

ஒரு மதியம் தூங்கி எழுந்து வந்தால் வாசலில் வண்டி இல்லை. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"திருகை மூடித்தானே வச்சேன். எப்படிப் போச்சு?" என்றார், அப்போதுதான் கடைக் கதவைத் திறந்த எதிர்வீட்டுத் தையல்காரரிடம்.

"அண்ணே, அது சைக்கிளும்தானே? மிதிச்சா போகாதா?"

வழியில் பெட்ரோல் தீர்ந்தால் தள்ளக் கூடாதே என்று பெடலுக்கு எண்ணெய் விட்டு வழுவழுவென்று வைத்திருந்தவர் அடுப்புக்காரரேதான்.

சந்தேகம் நேராக மகன் மேல் போயிற்று. போனைப் போட்டார்.

"டேய், வண்டிய எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே?"

"நான் வேலையில இருக்கேன்பா. வண்டி காணோமா? சரி, சாமானை எடுத்து வைங்க, வர்றேன்."

மகன் காலி அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினான். அதைப் பார்த்ததும் அடுப்புக்காரருக்குச் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது.

"அம்மா எங்கேப்பா?"

அதுவரை அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "இங்கதான் எங்கயாவது இருப்பா. நீ வண்டியச் சொல்லு."

அம்மா தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மெதுவாக, மோட்டார் மாட்டிய சைக்கிளை மிதித்துக்கொண்டு.

"எங்கம்மா போனே?"

"காத்தடிக்கப் போனேன்டா. பெட்டியெல்லாம் எதுக்கு?"

"வண்டி காணோம்னு அப்பா சொன்னார்."

"இதோ இருக்கே. காபி குடிக்கிறியா?"

மகன் குடிக்கவில்லை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுப்புக்காரர் டயரை அழுத்திப் பார்த்தார். காற்று காலையில் இருந்தபடியேதான் இருந்தது. குனிந்து பின்பக்கம் பார்த்தார். இஞ்சின் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கிற உருளையின் தகட்டில் புதுப் பற்றவைப்பு கறுப்பாகத் தெரிந்தது.

"தகடு முக்கால்வாசி விட்டுப்போச்சாம்" என்றாள் மனைவி. "வெல்டிங்காரர் சொன்னார். அறுந்து சக்கரக் கம்பிக்குள்ள போயிருந்தா சக்கரம் அப்படியே பூட்டிக்குமாம். கீழ நீங்க, மேல நான்."

"பையன்கிட்ட ஏன் மறைச்சே?"

"சொன்னா வண்டி படுத்த மாதிரிதானே? நாலு மாடி எனக்கு மட்டும் ஆகுமா?"

அவர் தகட்டைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. குறை தேடினார். அகப்படவில்லை. "கொஞ்சம் அதிகமாவே பத்த வச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை, உடம்பால் மறைத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் கைவிட்டார்.

"இடது பக்கம் திருப்புங்க" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சுத்தியிருக்கிறது என் ரவிக்கைத் துணி. அதைத்தானே வீடு பூராத் தேடினேன்."

"தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு மிதிச்சே?"

"வரும்போது போட்டா சத்தத்துல நீங்க எழுந்திருப்பீங்க. போகும்போது, ஆடுற உருளையோட யாராவது இஞ்சினைப் போடுவாங்களா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். கடைத்தெரு திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, ஏதோ சத்தம்."

வண்டியை ஓரம் கட்டினார்.

"ஒண்ணுமில்ல. பைக்குள்ள ஸ்பேனர்" என்றாள்.

அவர் அந்த ஸ்பேனரை வாங்கி, எல்லா நட்டையும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினார்.