அம்மா எங்கே என்ற கேள்வி

மகள் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டுவிடுவார்.

"உங்கம்மா எங்க?"

அவள் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவள். வீட்டுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று என்று இரண்டு நாக்கு வைத்துக்கொள்ள அவளுக்குப் பிடிக்காது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்வாள்.

"அம்மா இல்லப்பா. போன வருஷமே இறந்துட்டாங்க."

அப்பாவின் முகம் முதலில் எதுவும் விளங்காததுபோல இருக்கும். பிறகு வாய் கோணும். "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் முன்னால் ஒருநாளும் கண் கலங்காத மனிதர், குலுங்கிக் குலுங்கி அழுவார். கொஞ்ச நேரத்தில் எதற்கு அழுதோம் என்பது மறந்துபோகும். கன்னத்தில் ஈரம் மட்டும் இருக்கும். மறுநாள் மாலை அதே கேள்வி. அவளுக்கு அது பழைய சாவு. அவருக்கு அன்றைக்குத்தான் விழுந்த சாவு.

அவளுக்கு ஒரு தம்பி. மீனும் இறைச்சியும் உறைய வைக்கும் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். விடிவதற்கு முன்னால் போய், அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுவான். நடுவில் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா வந்து பார்த்துக்கொள்வார். கொளுத்துகிற வெயிலிலும் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்திருப்பான் தம்பி; காதுக்குள் போன குளிர் சாயங்காலம்வரை வெளியே வராது என்பான்.

"ஒரே சாவை இன்னும் எத்தனை தடவைக்கா சொல்லுவ?" என்று ஒருநாள் வெடித்தான். "பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேன். அவரும் நிம்மதியா இருப்பாரு, நாமளும் நிம்மதியா ஒரு டீ குடிக்கலாம். நான் அப்படித்தான் சொல்றேன்."

"அது பொய்டா."

"பொய்தான். அதனால என்ன குடி முழுகிப் போச்சு?"

"அவருக்கு வயசாயிருக்கு, ஞாபகம் போயிருக்கு. அதுக்காக அவரை ஏமாத்தலாமா? தன் பொண்டாட்டி இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சுக்கற உரிமை அவருக்கு இல்லையா?"

"அந்த உரிமையை வச்சு அவர் என்னக்கா பண்ணுவாரு? ராத்திரி சாப்பாட்டுக்குள்ள மறந்துடறாரு. அழுகை மட்டும்தான் மிச்சம்."

இதே கேள்வியைப் பரீட்சையில் கேட்டால் மூன்று பக்கம் எழுதுவாள், அடிக்கோடு போட்டு. ஆனால் அழுது ஓய்ந்த அப்பாவின் மூக்கைத் துடைத்துவிடும்போது அந்த மூன்று பக்கத்தில் ஒரு வரிகூடக் கைக்கு வரவில்லை. அலுப்பாக இருந்தது. சரியானதைச் செய்கிறோம் என்ற நினைப்புக்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

கல்லூரியிலும் நிலைமை அப்படித்தான். தத்துவத் துறையில் முன்பு மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இருவரும் ஓய்வு பெற்றபோது அந்த இடத்தில் யாரையும் போடவில்லை. துறையின் அறையில் இப்போது கால் உடைந்த பெஞ்சுகளும் ஓடாத ஜெராக்ஸ் மிஷினும் இருக்கின்றன. வணிகவியல் மாணவிகளுக்கு நெறிமுறை என்று ஒரு தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். அவ்வளவுதான் மிச்சம்.

ஒரு விடுமுறை நாளில் அவளும் பொய்யைச் சொல்லிப் பார்த்தாள். முந்தின இரவு அப்பா தூங்கவில்லை, அதனால் அவளும் தூங்கவில்லை. காலையில் அவர் கேட்டதும், "பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கப்பா" என்று வாயில் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம். அப்பா தலையாட்டினார். பிறகு, "எந்த பஸ்ல போனா? துணைக்கு யாரு போனா? குடை எடுத்துட்டுப் போனாளா?" என்றார். பஸ்ஸைச் சொன்னாள், துணையைச் சொன்னாள், குடையையும் சொன்னாள். ஒரு பொய்க்குக் காவலாக மூன்று பொய்யை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள்.

வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. அப்பாவைக் காணோம்.

தம்பியை எழுப்பினாள். அவன் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். ஈரத் தலையோடு தெருத்தெருவாக ஓடினாள். மளிகைக் கடையில் கேட்டாள், பஸ் நிறுத்தத்தில் கேட்டாள். தம்பியிடமிருந்து போன் வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "கிடைச்சுட்டாருக்கா. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி தெரு. வா."

அப்பா வேலையில் இருந்த காலம் முழுக்க மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவராக இருந்தார். முன்பின் தெரியாத ஒரு வீட்டு வராந்தாவில், மீட்டர் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மாள் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீரும் கொடுத்திருந்தார்.

"ரீடிங் எடுக்கணும்னு வந்தாரும்மா. சரி எடுங்கன்னேன். அப்புறம், 'என் வீட்டுக்காரி இந்தப் பக்கம் வந்தாளா, கூட்டிட்டுப் போகணும்'னாரு. பார்த்தா பாவமா இருந்துச்சு. அதான் உக்கார வச்சேன்."

அப்பாவை நடுவில் விட்டு இருவரும் திரும்பி நடந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போடக்கூடத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால் மனிதர் உடைந்துபோகிறார். பொய்யைச் சொன்னால் தேடிக் கிளம்பிவிடுகிறார்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா எதிரே வந்து நின்றார்.

"உங்கம்மா எங்க?"

அவளிடம் இப்போது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. பதில் சொல்லாமல் தப்பிக்க வேண்டும் என்றுதான் கேட்டாள்: "எதுக்குப்பா தேடறீங்க?"

அப்பா யோசித்தார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. பிறகு முழுக்கைச் சட்டையின் பித்தானைத் தடவித் தடவி அவிழ்த்தார். "இங்க எரியுது. அவகிட்ட காட்டணும்."

முழங்கை உரிந்து மணல் ஒட்டியிருந்தது. வழியில் எங்கோ விழுந்திருக்கிறார். சட்டைக்குள் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அவள் எழுந்து வெந்நீர் வைத்தாள். தம்பி பஞ்சு கொண்டுவந்தான். மணலைத் துடைத்து மருந்து போட்டு ஊதிவிட்டாள். அப்பா கையை நீட்டியபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். அன்று மாலை முழுவதும் அந்தக் கேள்வி வரவில்லை.

"நல்லா சமாளிச்சக்கா" என்றான் தம்பி.

"சமாளிக்கலடா. நிஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியல. அதனாலதான் கேட்டேன்."

அடுத்த வாரம் வகுப்பில் 'பொய் சொல்லலாமா' என்ற பாடம். கரும்பலகையை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, கூடும் என்பவர்களின் காரணங்களை ஒரு பக்கமும் கூடாது என்பவர்களின் காரணங்களை மறுபக்கமும் எழுதினாள். ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், கடைசியில எது சரி? அதை மட்டும் சொல்லிடுங்க, எழுதிக்கறோம்."

வருஷா வருஷம் யாராவது ஒருத்தி கேட்பதுதான். எப்போதும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். அன்று சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியலம்மா. இவ்வளவு நாளா எது சரியான பதில்னுதான் தேடிட்டிருந்தேன். கேக்கறவங்க எதைக் கேக்கறாங்கன்னு பாக்கவே இல்ல. முதல்ல அதைப் பாக்கணும்னு தோணுது."

"அது எத்தனை மார்க் மேடம்?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு கரும்பலகையில் இருந்ததையே மார்க்குக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

வீட்டில் இப்போது அக்காவும் தம்பியும் அப்பாவிடம் திருப்பிக் கேட்டார்கள். ஒருநாள் அவருக்குப் பசி. ஒருநாள் மழை வருகிறது, ஜன்னலைச் சாத்தச் சொல்ல வேண்டும். ஒருநாள், "காலையில சண்டை போட்டுட்டேன். கோவமா இருக்காளான்னு பாக்கணும்" என்றார்.

"என்னப்பா சண்டை?"

"ஞாபகம் இல்ல. தப்பு என்மேலதான் இருக்கும்."

தம்பி குல்லாயைக் கண்வரை இழுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான்.

எல்லா நாளும் இது பலிக்கவில்லை. "கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாம நீ என்ன டீச்சரு?" என்று டம்ளரை வீசியடித்த நாளும் உண்டு. அன்று அவள் டீயைத் துடைத்தாள், டம்ளரைக் கழுவினாள், சமையலறையில் நின்றபடியே கொஞ்சம் அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் உட்காரவைத்து அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் திடீரென்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வாயில் அது வந்து பல மாதம் ஆகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது, பழைய அப்பாவின் கண்.

"மழுப்பாம சொல்லு. உங்கம்மா செத்துட்டாளா?"

வாசற்படியில் நின்ற தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் கேட்டுப் பார்க்க நினைத்தாள். எதுக்குப்பா என்று நுனிநாக்குவரை வந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் வலி இல்லை, பசி இல்லை. கேட்டது அதைத்தான், அது மட்டும்தான். அவள் நகவெட்டியை மடக்கி வைத்தாள்.

"ஆமாம்பா."

அவர் சுவரைப் பிடிக்கவில்லை. "நெனச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் பக்கத்துல இருந்தேனா?" என்றார்.

"இருந்தீங்க. கையைப் பிடிச்சிட்டே இருந்தீங்க."

"வலிச்சுதா அவளுக்கு?"

இங்கே ஒரு நல்ல பொய்க்கு இடம் இருந்தது. அவள் யோசித்தாள். "முன்னாடி ரொம்ப வலிச்சுது. கடைசி நாள் இல்ல. தூங்கிட்டே இருந்தாங்க."

அப்பா அழுதார். சத்தமில்லாத, நிதானமான அழுகை. தம்பி உள்ளே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். மூன்று பேரும் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். அம்மா போனபிறகு அவர்கள் சேர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடிந்ததும் அப்பா மற்றக் கையை நீட்டினார். "இந்தக் கை பாக்கி" என்றார்.

அடுத்த நாளே அது மறந்துபோயிற்று. கேள்வி திரும்ப வந்தது, ஆனால் வரவர இடைவெளி கூடியது.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை அவள் கல்லூரியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அப்பா நாற்காலியில் இருந்தபடி அவளைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"கேக்க மாட்டாருக்கா" என்றான் தம்பி. "மூணு நாளா என்கிட்டயும் கேக்கல."

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. வேறு எதையும் அதிகம் பேசவும் இல்லை. நிம்மதியா, இழப்பா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அன்றைக்கு அதற்குத் தெம்பும் இல்லை. பையை இறக்கிவைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் நெற்றியையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தாள். பாதம் சில்லென்று இருந்தது.

"உன் காலுறை ஒரு ஜோடி குடுடா" என்றாள். "கிடங்குக்குப் போட்டுட்டுப் போவியே, அந்தத் தடிமனானது."

தம்பி எழுந்து போய் எடுத்துவந்தான். ஆளுக்கு ஒரு காலாகப் போட்டுவிட்டார்கள்.