முப்பத்தாறு, நாற்பத்தாறு

மாத்தளையில் டொக்டர் ஜமால்தீனின் பல் வைத்தியசாலை ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டு தை மாதத்தில் மார்ஜரி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். படித்துப் பெற்ற தகுதி எதுவும் அவளிடம் இல்லை. கையெழுத்து நன்றாக இருந்தது. டொக்டர் வாய்க்குள் பார்த்துச் சொல்லச் சொல்ல அட்டையில் எழுதுவதுதான் அவள் வேலை.

முதல் நாளே டொக்டர் ஒரு தாளில் வாயை வரைந்து காட்டினார்.

"வாய நாலு துண்டா பிரிச்சிக்கங்க, புள்ள. மேல் வலது ஒண்ணு, மேல் இடது ரெண்டு, கீழ் இடது மூணு, கீழ் வலது நாலு. நடுவுல இருந்து உள்ளுக்கு எண்ணினா எட்டுப் பல்லு. முப்பத்தாறுன்னா கீழ் இடது பக்கத்துல ஆறாவது, பெரிய கடைவாய்ப் பல்லு. நாற்பத்தாறுன்னா அதே பல்லு, வலது பக்கம்."

பல்லுக்கு எண், செய்த வேலைக்கு எழுத்து. குழியை அடைத்தால் எஃப். வேரைச் சுத்தம் செய்து மூடினால் ஆர். அதன்மேல் தொப்பி போட்டால் சி. பிடுங்கினால் எக்ஸ். வேலை பாக்கி இருக்கும்போதே ஆள் வராமல் போய்விட்டால் இசட்.

"ஒண்ணு மறக்கக் கூடாது. வலது, இடது எல்லாம் நாற்காலியில இருக்கிற ஆளோடது. நீங்க எதிர்ல நிக்கிறீங்க. உங்க கைய நம்பி எழுதிடாதீங்க."

மார்ஜரி தலையாட்டினாள். அந்த முதல் இரண்டு கிழமைகளில் அவள் எத்தனையோ முறை கண்ணை மூடி, அந்த ஆளின் இடத்தில் தன்னை உட்கார்த்திப் பார்த்துத்தான் எழுதினாள்.

அந்த வருடம் பாதி கழிந்தபின் இசட் பெருகத் தொடங்கியது. ஒரு பக்கம் கிளர்ச்சிக்காரர், மறுபக்கம் படையினர்; பஸ் ஓடாத நாட்கள், கடை திறக்க விடாத நாட்கள், சந்தியில் டயர் எரிந்த நாட்கள். பயத்தில் வராமல் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அப்படி வராமல் போன ஒருவனின் அண்ணன் படியேறி வந்து, தம்பி இனி வர மாட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டொக்டர் அந்த அட்டைகளைத் தனி இழுப்பறையில் போடச் சொன்னார். அதைத் திறப்பதென்றாலே அவளுக்கு உடம்பு கூசும். உள்ளே அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி காத்திருப்பதுபோல் இருக்கும். தெருவில் யாராவது சிரித்தால் முகம் தெரியாது, எண்கள்தான் தெரியும்.

மார்கழியில் வேலம்மா வந்தாள். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். நனைந்த காட்டுச் செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு ஏறி வந்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு துண்டை அவிழ்த்து நீட்டினாள். வைத்தியசாலையின் வருகைத் துண்டு.

"மிஸ்ஸி, இது எம்மவன் சட்டப் பையில இருந்துச்சு. அழகமுத்துன்னு பேரு. டவுன்ல கராம்பு, ஏலக்கா கடையில நின்னான். போன மாசம் நம்பர் இல்லாத வேன்ல ஏத்திட்டுப் போனாங்களாம். போகாத எடம் இல்ல. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

மார்ஜரி அட்டையைத் தேடி எடுத்தாள். முப்பத்தாறு, ஆர், சி. இருபத்தைந்துக்கு ஓர் எஃப் போட வேண்டும்; ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தது. வந்திருக்கவில்லை. ஓரத்தில் அவளே எழுதிய இசட் இருந்தது.

"கீழ இடது பக்கம் பெரிய பல்லுக்கு வேர் சுத்தம் பண்ணி, வெள்ளி மாதிரி ஒரு தொப்பி போட்டிருக்கு, அம்மா."

வேலம்மா தன் நாக்கால் தன் பல்லைத் தேடிப் பார்த்தாள். "இதுவா?"

"அதுதான்."

"மூணு ஆறு." அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எழுதப் படிக்கத் தெரியாது மிஸ்ஸி. மனசுல வச்சிக்கிறேன்."

மாசி மாதம் ரத்தோட்டைக்கு அப்பால் ஆற்றோரத்தில் ஓர் உடல் கிடைத்தது. இளைஞன் என்பது மட்டும் தெரிந்தது. உடுப்பில்லை, முகமும் இல்லை. விசாரணை அதிகாரி பொழுது சாயுமுன் புதைக்கச் சொல்லிவிட்டார். வேலம்மா வைத்தியசாலைக்கு ஓடி வந்தபோது டொக்டர் கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஊரடங்கு.

"பாத்தேன் மிஸ்ஸி. எம் புள்ளையா, ஊரான் புள்ளையான்னு எனக்கே தெரியல. பெத்தவளுக்கே தெரியல. நீங்க வந்து பல்லைப் பாருங்க."

மார்ஜரி அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். உடலைக் கிடத்தியிருந்த கொட்டகைக்குள் வாயில் துணி கட்டிக்கொண்டு, ஒரு காவலாள் டோர்ச் பிடிக்க, குனிந்து பார்த்தாள். அன்று அவள் அவசரப்படவில்லை. டொக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டாள். இது இவனுடைய வலது, இது இவனுடைய இடது. முன்பற்கள் உடைந்திருந்தன. கீழே ஒரு தொப்பி மின்னியது. விரலால் தொட்டுப் பார்த்தாள். வலது பக்கம். நாற்பத்தாறு. இடது பக்கத்துப் பல் குறையில்லாமல் இருந்தது.

வெளியே வந்து தலையை அசைத்தாள். "இல்ல அம்மா. இது உங்க மகன் இல்ல. அவருக்கு இடது பக்கம். இவருக்கு வலது."

வேலம்மா அந்த முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதாள்; அழுதுகொண்டே சிரித்தாள். மார்ஜரியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதிகாரி 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை வேலம்மா வந்தாள். ஒரு கை மிளகோ நாலு கொய்யாப்பழமோ கொண்டு வருவாள். "அட்டை பத்திரமா இருக்கா மிஸ்ஸி? வந்தான்னா மத்தப் பல்லையும் அடைக்கணும்ல?"

சித்திரையில் டொக்டர் பின்னறை அலுமாரியை ஒழிக்கச் சொன்னார். தொப்பி செய்வதற்காக எடுத்த வாய் அச்சுகள், வெள்ளைப் பிளாஸ்டரில், ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு பெயர். தூசி தட்டியபடி வாசித்துக்கொண்டே வந்தவளின் கையில் அழகமுத்து வந்தான். கீழ்த்தாடை அச்சு. தொப்பிக்காகச் சீவப்பட்ட ஒற்றைப் பல் மட்டும் கட்டையாக நின்றது.

அதை மேசையில் தன் முகத்தைப் பார்க்கும்படி வைத்தாள். கட்டைப் பல் அவளுடைய இடது கைப் பக்கம் இருந்தது. பிறகு மெதுவாகத் திருப்பி, தன் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். வலது பக்கம்.

அட்டையின் திகதி தை பதினொன்று. அவள் வேலைக்கு வந்த ஒன்பதாம் நாள்.

டொக்டர் அச்சையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்" என்றார். அட்டையின் அடியில் விரலை வைத்து, "நான் நாற்பத்தாறுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கீழ என் கையெழுத்து இருக்குதே, புள்ள. பார்க்காமப் போட்டிருக்கேன்" என்றார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லணுமா, டொக்டர்?"

அவர் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு கிழமை மார்ஜரி யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். சோறு மெல்லும்போது தன் வலது கடைவாயில் ஏதோ உலோகம் உரசுவதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள், ஒன்றுமில்லை. கொட்டகையில் தொட்ட விரலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. கோயிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், முழந்தாளிட்டு, ஒன்றும் சொல்ல வராமல் எழுந்து வந்தாள்.

வேலம்மா அடுத்த முறை வந்ததும் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, அச்சைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையில் தான் எழுதியதுதான் பிழை என்றாள். ஆற்றோரத்தில் கிடைத்தது அழகமுத்துதான் என்றாள். மன்னிப்பு என்ற சொல்லை வாய்க்குக் கொண்டு வரவே முடியவில்லை.

வேலம்மா அழவில்லை. அந்தக் கட்டைப் பல்லை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு நீங்க தொட்டீங்களா மிஸ்ஸி?"

"தொட்டேன்."

"நான் தொடல. நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னேன். எம் புள்ள முன்னாடி மூக்கைப் பொத்திக்கிட்டு..." அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

அன்று பிற்பகலே இருவரும் மயானத்துக்குப் போனார்கள். அங்கே குழி வெட்டும் இஞ்ஞாசி, பெயரில்லாதவர்களைப் புதைக்கும் வேலியோரத்தைக் காட்டினான். புல் முளைத்துவிட்டிருந்தது.

"மாசிக் கடைசியில மூணு பேரை வச்சோம். இந்த மூணு மேடுதான். எது யாருன்னு கேட்டா எனக்குத் தெரியாதும்மா. தோண்டணும்னா கோட்டுல ஓடர் வாங்கணும்."

டொக்டர் பிழையை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தோடு மார்ஜரி நீதிமன்றத்துக்கு மூன்று முறை அலைந்தாள். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த நேரத்தில் இதையெல்லாம் கிளற வேண்டாம் என்று ஒருவர் சிங்களத்தில் மெல்லச் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. உத்தரவு வரவேயில்லை. வேலம்மா மூன்று மேட்டிலும் கற்பூரம் கொளுத்தினாள்.

வைகாசியில் எல்கடுவயில் கருமாதி நடந்தது. சடலத்துக்குப் பதிலாக அந்த அச்சை மஞ்சள் துணியில் சுற்றி, லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஓடைப் பக்கம் புதைத்தார்கள். மார்ஜரி போக அஞ்சினாள். ஆனால் வேலம்மா ஆளனுப்பியிருந்தாள். மழைப் புகார் மூட்டத்துக்குள் மலைப்பாதை ஏறிப் போய், வாசலில் தயங்கி நின்றவளை வேலம்மாவே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்ப் பாயில் உட்கார வைத்தாள்.

"இந்த மிஸ்ஸிதான் எம் புள்ளைய கடைசியா பாத்துத் தொட்டவுங்க" என்றாள் கூடியிருந்தவர்களிடம். அட்டைப் பிழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்து புறப்படும்போது, அடுத்த லயத்துப் பாப்பம்மா முன்னால் வந்து நின்றாள். அவள் புருஷனைக் கொண்டுபோய் எட்டு மாதம். அவள் தன் மேலுதட்டைத் தூக்கி, முன்பல் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பல்லு பாதி ஒடஞ்சிருக்கும் மிஸ்ஸி. அப்புடி யாரையும் பாத்தீங்களா?"

மார்ஜரி குனிந்து அந்தப் பல்லைப் பார்த்தாள். "இல்லம்மா. நான் பாக்கல."

பிணங்களுக்குள் இல்லை என்று பாப்பம்மாவின் முகம் சட்டென்று தெளிந்தது. அவள் பின்னால் நின்றிருந்த இன்னும் இருவர் நெருங்கி வந்தார்கள். ஒருத்தி கடைவாயைத் திறந்து காட்டினாள். கிழமை கழிவதற்குள் பல்லேபொலவிலிருந்து ஒரு சிங்களத்து அம்மா பஸ் ஏறி வந்து வைத்தியசாலைப் படியில் காத்திருந்தாள். மார்ஜரி அவளை உள்ளே அழைத்து, வெளிச்சத்தில் உட்கார வைத்து, மகனுக்கு எந்தப் பல் என்று கேட்டாள்.