அழிக்க வேண்டாம்

சமுதாயக் கல்லூரியில் புது ஸ்மார்ட் போர்டுகளை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த காலையில், அத்தனையிலும் தெரிந்தது இறந்துபோன மின்னியல் ஆசிரியரின் கையெழுத்து. நடுவில் பாதியில் நின்ற ஒரு மின்சுற்றுக் கணக்கு, வலது மூலையில் கட்டம் கட்டி "அழிக்க வேண்டாம்". மாட்ட வந்தவர்கள் வயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள், போர்டையே மாற்றிப் பார்த்தார்கள், எழுத்து போகவில்லை. மதியத்துக்குள் கணக்கு ஒரு வரி வளர்ந்து, தரையில் சாக்பீஸ் தூள் உதிர்ந்து கிடந்தது. கூட்டுகிறவர் அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் போனார்.

அந்தப் போர்டுகளைக் கொண்டுவந்தவர் கல்லூரியின் திட்ட அலுவலர். ஆசிரியரின் மனைவியும் அவர்தான். எந்த வகுப்புக்கு எது தேவை, எது வெறும் படாடோபம், பழுதானால் யார் பார்ப்பது என்று அவர் போட்ட திட்டத்தை நிதிக்குழு மூன்று வருஷம் திருப்பித் திருப்பி அனுப்பியது. பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வந்து, கடைசி பெஞ்சிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறவர்களுக்காக அந்த அம்மாள் விடாப்பிடியாக நின்றார். நிதி வந்த மாதமே கணவர் வகுப்பில் சாக்பீஸும் கையுமாகச் சரிந்தார். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம்: மூலையில் "அழிக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டால், எழுதியவரைத் தவிர யாரும் டஸ்டரைத் தொடமாட்டார்கள், முதல்வரே ஆனாலும். ஆசிரியரோ கணக்கைத் தொடங்குமுன்பே அதை எழுதிவிடுகிறவர். அதனால் அவர் கடைசியாக எழுதிய கரும்பலகை அப்படியே இருந்தது, அதன் மேலேயே புதுப் போர்டை மாட்டச் சொன்னவரும் மனைவிதான்.

பழகிவிட்டார்கள், வேறென்ன செய்வது. செவிலியர் பயிற்சி ஆசிரியை இடது ஓரத்தில் கிடைத்த நாலு விரல் இடத்தில் எலும்புகளின் பெயரை நெருக்கி எழுதினார். திட்ட அலுவலர் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கணவரின் வகுப்பறைக்குப் போய், வரிகள் வளர்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவருக்குப் பயம் இல்லை. சந்தோஷமாக இருந்தது, சந்தோஷப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

மின்சுற்றை ஒரு முறை சுற்றிவந்தால் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை பூஜ்யமாக வேண்டும். ஆகவில்லை. போர்டு நிரம்பியதும் கணக்கு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கியது, மாதக்கணக்காக இதே கதை. காரணம் முதல் நாளே மனைவிக்குத் தெரியும்: இரண்டாம் வரியில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. முன்பு அதே கல்லூரியில் தட்டச்சராக இருந்த காலத்தில் கணவரின் கேள்வித்தாள்களில் இப்படி விட்டுப்போனதையெல்லாம் சொல்லாமலே சேர்த்து அடித்தவர் அவர். "கழிக்கவே தெரியாத மனுஷன்" என்று வீட்டில் கிண்டல் செய்வார். "மனசு வரலையே, என்ன பண்ண?" என்பார் கணவர். இப்போதும் ஒரு கோடு போட்டால் போதும், கணக்கு முடிந்துவிடும். முடிந்தால் அவர் போய்விடுவார். அதனால்தான் மனைவி வாயைத் திறக்கவில்லை.

போர்டுகள் பாடத்துக்குப் பயன்படவில்லையென்றால் கழற்றிக்கொண்டு போவோம், அடுத்த கட்ட நிதியும் கிடையாது என்று நிதிக்குழு சொல்லியனுப்பியது. முதல்வர் தயங்கித் தயங்கி வந்தார். "வெள்ளிக்கிழமை பார்க்க வர்றாங்க மேடம். சார்கிட்ட நீங்க ஏதாவது சொல்லிப் பார்க்க முடியுமா?"

"உயிரோட இருந்தப்பவே நான் சொல்லி அவர் கேட்டதில்ல சார்."

போர்டுகள் போவதைக்கூட அந்த அம்மாள் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அன்று மாலை வகுப்புக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக், போர்டை வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சாருக்குக் கை நடுங்குது மேடம். நேத்தைவிட இன்னிக்கு ஜாஸ்தி."

உண்மைதான். எழுத்துகள் சாய்ந்து, மெலிந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. சாப்பாட்டு டப்பாவும் கையுமாகத் தினம் அங்கே உட்கார்ந்திருந்தும் அது அந்த அம்மாளின் கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வகுப்புகள் தொடங்குமுன், இரண்டாம் வரியில் விரலால் ஒரு சின்னக் கோடு போட்டார். "இந்த ஒரு கோட்டுக்குத்தான் உங்கள இத்தன நாள் நிக்க வெச்சேன்" என்றார். எழுத்து சற்று நின்றது. பிறகு மளமளவென்று வரிகள் ஓடி, கடைசியில் பூஜ்யம் விழுந்தது, அதன்கீழ் இரண்டு அடிக்கோடு. அப்புறம் எழுத்து மேலே ஏறிப்போய், மனைவி போட்ட கோட்டுக்குப் பக்கத்தில், விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒரு 'சரி' போட்டது. மூலைக் கட்டத்துக்குள் "வேண்டாம்" மறைந்து, "அழிக்கலாம்" என்று வந்தது.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு உள்ளங்கையாலேயே துடைத்தார். அங்கே துடைக்கத் துடைக்க எல்லா அறைகளிலும் போர்டுகள் வெளுத்தன. நிதிக்குழு வந்து பார்த்துத் திருப்தியாகப் போனது.

கையில் ஒட்டிய சாக்பீஸ் மட்டும் எத்தனை சோப்புக்கும் போகவில்லை. அவரும் அப்புறம் தேய்ப்பதை விட்டுவிட்டார். வருஷா வருஷம் அவர் அனுப்பும் திட்டத்தின் எல்லாப் பக்கங்களிலும் வெள்ளை விரல் ரேகை இருக்கும். நிதிக்குழுவினர் தூளைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.