ஒரு நிமிடம் பதினேழு விநாடி

இந்த ஊர் எனக்குப் பிடித்துவிடக் கூடாது என்று மார்லா வாவ்ரா பேருந்தை விட்டு இறங்கும்போதே மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். எதிரணியின் அரங்கம் பிடித்துப்போனால் அங்கே முட்டி மோதி விளையாட முடியாது. அந்த உறுதி ஏழு நிமிடம் தாங்கியது. மிச்சிகனின் வடமுனையில் இருந்த அந்தப் பனிஹாக்கி அரங்கத்தில் பாப்கார்னுக்கு வெண்ணெயைத் தாராளமாக ஊற்றினார்கள். வந்த அணியின் உடைமாற்றும் அறையில், மூன்றாவது ஆளோடு வெந்நீர் தீர்ந்துவிடும் என்று கதவிலேயே நேர்மையாக எழுதி ஒட்டியிருந்தார்கள். வந்த அணிக்கான தண்டனைப் பெட்டியில், தவறு செய்தவர்கள் நேரம் கழியும்வரை உட்காரும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள், கிர்ஸ்டன் டால் இருபத்தேழு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தாள்.

கிர்ஸ்டன் மார்லாவின் கல்லூரிக்காரிதான். 1998 பிப்ரவரியில் அவர்களுடைய கோலி, அதாவது கோல் காப்பவள், எதிரணிப் பெண் ஒருத்தியை மட்டையால் விளாசியதற்கு ஐந்து நிமிடத் தண்டனை கிடைத்தது. கோலியின் தண்டனையை அணியில் வேறொருத்தி உட்கார்ந்து கழிக்க வேண்டும். அன்றைய கோச் கிர்ஸ்டனைக் கைகாட்டினார், அவள் சரி என்றாள். ஒரு நிமிடம் பதினேழு விநாடி மிச்சமிருக்கும்போது அந்தத் தண்டனைக்கான கடிகாரம் நின்றுவிட்டது. நேரம் முடியாமல் வெளியே விட முடியாது என்றார் பெட்டிக் கதவுக்குப் பொறுப்பான உர்ஹோ. அதன்பின் மூன்று முறை புதுக் கடிகாரம் மாட்டினார்கள். மூன்றும் அதே நேரத்தைக் காட்டி நின்றன. நேரம் நகராததால் கிர்ஸ்டனின் வயதும் நகரவில்லை. இருபது வயதும் நெற்றி வியர்வையும் அப்படியே இருந்தன. முதலில் உர்ஹோவை அங்கிள் என்று கூப்பிட்டவள் இப்போது தாத்தா என்கிறாள். ஊர்க்காரர்கள் இரண்டு பருவம் அவளைக் கேலி செய்தார்கள், மூன்றாம் பருவத்தில் கண்ணாடிக்கு மேலாக எட்டி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டி கொடுத்தார்கள், பிறகு பரீட்சைக்கு முன்னால் அந்தக் கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் அறிவிப்பாளர், "தண்டனையில் மிச்சம் ஒரு நிமிடம் பதினேழு விநாடி" என்பார். நேரம் சொன்னதற்காக மூவாயிரம் பேர் ஒரே குரலில் "நன்றி!" என்பார்கள். மார்லாவின் கல்லூரி நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே வந்து, எப்போதும் ஓர் ஆள் குறைவாக ஆடி, எப்போதும் தோற்றது.

மார்லாவுக்கு இது கடைசிப் பருவம். நான்கு ஆண்டுகளில் அறுபத்து மூன்று முறை தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். அதில் அவளே செய்த குற்றம் மூன்றுதான். மற்றவை கோலி செய்தவை, கோச் பெட்டிங்கர் நடுவரைத் திட்டியதற்கு வந்தவை. யாரையாவது அனுப்ப வேண்டுமென்றால் கோச்சின் கண் அவள்மேல்தான் விழும். நல்ல பெண் என்று எல்லோரும் சொல்வதை அவள் வெகுநாள் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தாள். சமீபமாகத்தான், அது நாற்காலியைப் பற்றிச் சொல்வதுபோல் அவள் காதில் விழுந்தது.

மூன்று பகுதி ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில், ஏற்கெனவே ஆள் குறைந்த மார்லாவின் அணிக்கு, ஆள் அதிகமாக இறக்கியதாக இரண்டு நிமிடத் தண்டனை விழுந்தது. மார்லா போனாள். உள்ளூர் மாணவர் கூட்டம் அவள் அம்மாவின் பெயரை எப்படியோ தேடிப் பிடித்து வைத்திருந்தது.

"மார்லா! உங்கம்மா கேரல் போன் பண்ணாங்க! அங்கேயே இருந்துக்கச் சொன்னாங்க!"

கிர்ஸ்டன் நகர்ந்து இடம் விட்டாள். "கண்டுக்காத. எங்கம்மா பேரச் சொல்லியும் கத்துனானுங்க. நீ என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. கோச் போகச் சொன்னாங்க."

"அட, நானும் அதேதான்டீ!" கிர்ஸ்டன் பேஸ்டியைப் பிட்டுப் பாதியை நீட்டினாள். "அஞ்சு நிமிஷம்தானேன்னு வந்தேன்."

சூடாக இருந்த அந்தப் பாதியை மார்லா கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்கான கடிகாரம் ஒழுங்காக ஓடி, இரண்டு நிமிடம் முடிந்து உர்ஹோ கதவைத் திறந்தபோது, விழுந்தடித்துக்கொண்டு வெளியேறினாள்.

மூன்றாம் பகுதி தொடங்கும்போது ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கோச் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"விதிப் புத்தகத்த அலசிட்டேன். உள்ள ஆள் மாத்திக்கலாமாம், உர்ஹோவும் சரின்னுட்டார். நீ போய் உக்காரு, கிர்ஸ்டன் வெளிய வரட்டும். அவ வேகத்துக்கு நம்மகிட்ட யாரு இருக்கா? அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷ காலேஜ் ஆட்டம் வேற பாக்கி." பிறகு அவள் தோளைத் தட்டினாள். "ஒரு நிமிஷம் பதினேழு செகண்டுதானே, கண்ணு."

அணி முழுக்க மார்லாவைப் பார்த்தது. நான் போகிறேன் என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்குள் கிர்ஸ்டன் தன் காலணி நாடாவை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மார்லாவின் வாயில் வழக்கம்போல் சரி என்ற சொல் தயாராக வந்து நின்றது. அதை நாக்கால் தடுத்து வைத்துக்கொண்டு கையுறையை மாட்டினாள். பிறகு ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் மிச்சமிருக்கும் நேரத்தைச் சொல்ல, மூவாயிரம் பேர் நன்றி சொல்ல, அது யார் காதிலும் விழவில்லை.

"என்ன சொன்ன?" என்றாள் கோச்.

அரங்கம் அடங்கும்வரை மார்லா காத்திருந்தாள்.

"மாட்டேன், கோச்."