உடன்பாடில்லை என்றால் காரணம்

ஓப்பநாயக்கவுக்கு அப்பாலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், டாக்டருக்கு முன்னால் கணினி நோயாளியைப் பார்க்கத் தொடங்கி மூன்று மாதமாகிறது. தாதி கோகிலா விவரத்தைத் தட்டினால் அது ஆலோசனை சொல்லும். பச்சை வந்தால் மருந்தோடு வீட்டுக்கு. சிவப்பு வந்தால் டாக்டரிடம். பரீட்சார்த்தமாம். அதனால் அது சொன்னது சரிதானா என்று அவள் ஒவ்வொரு தடவையும் மதிப்பிட வேண்டும். 'உடன்பாடு' என்றால் ஒரு தட்டோடு தீர்ந்தது. 'உடன்பாடில்லை' என்றாலோ காரணம் எழுதாமல் திரை நகராது. வெளியே வரிசை இருமிக்கொண்டு நிற்கும்போது காரணம் எழுத யாருக்குப் பொழுது? கோகிலா உடன்பட்டுக்கொண்டே வந்தாள். கொழும்பில் கணினிக்கு நல்ல பெயர்.

அன்றைக்குத் தோட்டத்துக் காத்தமுத்து வந்து உட்கார்ந்தார். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் இரண்டும் சிவப்பு.

"சேத்துத் தண்ணியில எறங்குனீங்களாண்ணே?"

"இல்லங்க மிஸ்ஸி. தோட்டத்து வேலைதான்."

'இல்லை' என்று அவள் தட்டியதும் கணினி பச்சை காட்டியது.

கோகிலா உடன்பாட்டைத் தட்டாமல் அவரையே பார்த்தாள். தோட்டத்து வேலை முடிந்ததும் அவர் எந்த மாணிக்கக் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார் என்று அவளுக்கா தெரியாது? அனுமதிப்பத்திரமில்லாத அந்தக் குழியைத் தோண்டுவதே அவள் புருஷன் நிரஞ்சன்தான்.

"எங்கிட்டயே மறைக்கிறீங்களே. அழுக்குத் தண்ணியில வர்ற எலிக்காய்ச்சல்னா உசுருக்கே ஆபத்துண்ணே."

"பூசை போட்டு எறங்குன குழியப் பத்தி வெளிய பேசக்கூடாதுங்க. ஒங்க வீட்டுக்காரருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

பெரிய சத்தியம்! அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உண்மையை எழுதினால் சுகாதாரப் பரிசோதகர் குழியைத் தேடி வருவார், பின்னாலேயே பொலிஸ் வரும். வயல் என்று புளுகினால், எந்த வயல் என்பார்கள். எழுதாவிட்டாலோ இந்த மனுசன் பச்சையை நம்பி லயத்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். எந்தப் பக்கமும் நகர முடியாமல் அந்தப் பாழாய்ப்போன பெட்டியையே முறைத்தாள்.

பிறகு 'உடன்பாடில்லை' என்று அழுத்தினாள். காரணம்: மாணிக்கக் குழித் தண்ணீர்.

திரை சிவந்தது. டாக்டர் இன்ஷிரா வந்து கண்ணைப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார், உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார்.

கோகிலா மூச்சு விடுவதற்குள் கணினி அடுத்ததைக் கேட்டது. அதே தண்ணீரில் இறங்கிய மற்றவர்களுக்கும் இன்றே தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். அவர்கள் பெயர், விலாசம்?

கோகிலா முதல் பெயராகப் புருஷனின் பெயரையே தட்டினாள். அவனும் அந்தத் தண்ணீரில்தானே நிற்கிறான்.